மூன்றடித் தண்ணீர்

நீராவிப் படகின் விருத்தாந்தத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர், 1807-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ராபர்ட் ஃபுல்ட்டன் என்பவர் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி நகரம் வரையில், ஹட்ஸன் நதியின் எதிரோட்டத்தில், ஏறக்குறைய 150 மைல் தூரத்தை 32 மணி நேரத்தில் தமது யந்திரப் படகைச் செலுத்திக் காட்டிய வைபவத்தோடு ஆரம்பித்து, அவருடைய கீர்த்தியைப் பாடி முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கீர்த்திக்குக் குறை சொல்வது நமது நோக்கமன்று. ஆயினும் ஹட்ஸன் ஆழமான நதி. கடலின் ஏற்றவற்றம் ஆல்பனிக்கும் அப்பால் வரையில் எட்டுகிற நதி. அதில் ஓடிய படகு, அமெரிக்காவின் நடுப்பாகத்து நீரையெல்லாம் வாரிக்கொண்டு தெற்கே செல்லும் மிஸிஸிப்பியிலும், அதன் உபநதிகளாகிய ஓஹையோ, மிஸௌரி, சிவப்பு நதி முதலியவற்றிலும் அப்படியே ஓடிவிடும் என்று நம்பியவர்கள், அந்த நதிகளைக் கரையில் நின்று பார்த்தவர்களே ஒழிய, அவற்றில் கோல் ஊன்றிப் படகு தள்ளியவர்கள் அல்லர்.

பனியுருகிப் பெருகும் காலத்தில் கரைமீறிப் பாய்கிற ஓஹையோ, கோடை முதிர்ந்து இலையுதிர் காலம் பிறப்பதற்குள், சிற்சில துறைகளில் ஆள் இறங்கி நடந்தே கடக்கும்படி வற்றிவிடும். மிஸௌரியோ, இன்று படகு போன வழியை நாளை மணல்திட்டாக்கி, நேற்றைய திட்டை இன்று மடுவாக்கிக் கொண்டே இருப்பது. இவை போதாவென்று, வெள்ளம் அரித்தெடுத்த கரைகளிலிருந்து வேரோடும் வேர் கவ்விய மண்ணோடும் சாய்ந்த காட்டு மரங்கள், வேர்ப்பக்கம் கனத்தால் ஆற்றுத் தரையில் புதைந்துகொள்ள, நுனிப்பக்கம் நீரோட்டத்தின் திசையில் சாய்ந்தபடி, எதிரேறி வரும் படகின் வயிற்றைக் குத்துவதற்கென்றே நாட்டிய ஈட்டிகளைப் போல ஆயிரக்கணக்கில் நின்றன. அசையாமல் நிற்பவை ஒருவகை. பிரவாகத்தின் விசையால் ஒரு கணம் அமிழ்ந்து மறுகணம் தலைதூக்கி ஆடுபவை இன்னொரு வகை. மேலே வராமல் நீருக்கடியிலேயே ஆடிக்கொண்டிருப்பவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகையைத்தான் ஓடக்காரர்கள் எல்லாவற்றிலும் கொடியது என்றார்கள்.

யந்திரம் வருவதற்கு முன்பு, நதியில் இறங்குவது சுலபம், ஏறுவதே பெரும்பாடு. கென்டக்கியின் மாவும் பன்றியிறைச்சியும் புகையிலையும் ஏற்றிய தட்டைப் படகுகள் நீரோட்டத்தோடு மிதந்து நியூ ஆர்லியன்ஸை அடைந்ததும், சரக்கோடு சேர்த்துப் படகையும் பலகை பலகையாகப் பிரித்து விற்றுவிட்டு, ஆட்கள் காட்டுவழியே பல நூறு மைல் நடந்து ஊர் திரும்புவார்கள். எதிரேறும் படகு வேறு மாதிரி: நீண்டு ஒடுங்கியது, அடியில் முதுகெலும்பு போன்ற கட்டையுடையது, இருபுறமும் ஆள் நடக்கும் பலகைகள் கொண்டது. ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாக நிற்கும் ஓடக்காரர்கள், அணியத்தில் நின்று கோலைத் தரையில் ஊன்றி, அதன் மேல்முனையைத் தோளில் முட்டுக்கொடுத்து, உடம்பு பலகையைத் தொடுமளவுக்குக் குனிந்து, பின்புறம் நோக்கி ஓரோர் அடியாக நடப்பார்கள். அவர்கள் பின்னே நடந்த தூரம் படகு முன்னே சென்றிருக்கும். கோல் எட்டாத ஆழத்தில் கரையிலிருந்து வடம் கட்டி இழுப்பார்கள்; கரையிலும் கால்வைக்க இடமில்லையென்றால், தொங்கும் மரக்கிளைகளைக் கையால் பற்றிப் பற்றிப் படகை முன்னே நகர்த்துவார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் சேர இப்படி மூன்று நான்கு மாதம் பிடிக்கும்.

ஃபுல்ட்டனும் அவருடைய கூட்டாளியான லிவிங்ஸ்டனும் இந்த நதிகளின் வியாபாரத்தைக் கைக்கொள்ள எண்ணி, 1811-இல் பிட்ஸ்பர்க்கில் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற படகைக் கட்டுவித்து, நிக்கொலஸ் ரோஸவெல்ட் என்பவரின் பொறுப்பில் தெற்கே அனுப்பினார்கள். அந்த யாத்திரையின் கதை, எழுதத் தெரிந்த ஒருவன் கற்பனை செய்திருந்தால் நம்பமாட்டோம் என்று சொல்லத்தக்கது. வானத்தில் பெரிய வால் நட்சத்திரம் தோன்றியிருந்த வருஷம் அது. நிறைமாத கர்ப்பிணியாய்ப் புறப்பட்ட ரோஸவெல்ட்டின் மனைவி லிடியா லூயிவில்லில் குழந்தை பெற்றாள். டிசம்பர் மாதத்தில் நியூ மாட்ரிட் என்ற ஊரை மையமாகக் கொண்டு பெரும் பூகம்பம் மூண்டு, கரைகள் சரிந்து, தீவுகள் மறைந்து, மாலுமிக்குத் தெரிந்த அடையாளமெல்லாம் அழிந்துபோன நதியில் அந்தப் படகு முன்னேறி, 1812 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸை அடைந்தது. பூமி அதிர்ச்சியில் தப்பிய அந்தப் படகுக்கு 1814-இல் வந்த முடிவு மிகச் சாதாரணமானது: பேட்டன் ரூஜ் அருகே நீர் வடிகையில் ஓர் அடிமரத்தின் மேல் குத்திக்கொண்டு முழுகிப்போயிற்று. ஆழமான அடிப்பாகமும், குளிர்வித்து ஆவியைச் சுருக்கும் வாட் முறையின் கனத்த யந்திரமும் கொண்ட அது, ஹட்ஸனுக்கென்று நினைத்துக் கட்டிய படகு.

இங்கே நமது கதாபுருஷர் பிரவேசிக்கிறார். ஹென்றி மில்லர் ஷ்ரீவ் 1785-இல் பிறந்து, பென்ஸில்வேனியாவின் மேற்கெல்லையில் வளர்ந்து, வாலிபத்திலேயே எதிரேறும் படகுக்குச் சொந்தக்காரராகி, கலீனாச் சுரங்கங்களின் ஈயத்தைத் தென்திசைக்கு இறக்கி லாபம் கண்டவர். 1815-இல் டானியல் ஃபிரெஞ்சு கட்டிய ‘என்டர்பிரைஸ்’ என்ற சிறு நீராவிப் படகை நியூ ஆர்லியன்ஸிலிருந்து லூயிவில் வரை எதிரேற்றிக் கொண்டுவந்தார். வெள்ளம் வயல்களையும் மூடியிருந்த சமயமானதால் சுழலையும் ஓட்டத்தையும் தவிர்த்துக் குறுக்கே வரமுடிந்ததென்று சிலர் அதைக் குறைத்துப் பேசினார்கள். 1816-இல் தாமே கட்டுவித்த ‘வாஷிங்டன்’ என்ற படகில் மறுவருஷம் அதே தூரத்தை 25 நாளில் கடந்து அந்த வாயையும் அடைத்தார். ஃபுல்ட்டன் கூட்டத்தார் லூயிஸியானாவில் தமக்குக் கிடைத்திருந்த ஏகபோக உரிமையைக் காட்டி அவர்மேல் தொடுத்த வழக்கும் நிற்கவில்லை.

‘வாஷிங்டன்’ படகின் அமைப்பில் எவ்வளவு ஷ்ரீவினுடைய சொந்த யோசனை, எவ்வளவு பிறருடையது என்பது விவாதத்துக்குரியது. ஊர் பேர் தெரியாத தச்சரும் கருமாரும் பத்திருபது வருஷம் சேர்ந்து வளர்த்த காரியத்தை ஒருவர் தலையில் சூட்டுவது சரித்திரக்காரர்களின் சோம்பல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மேற்கத்திய நதிப் படகு என்று ஒரு ஜாதியே தனியாக உண்டாயிற்று என்பதில் சந்தேகமில்லை. பிலடெல்பியாவின் ஆலிவர் எவான்ஸ் வாதாடிவந்த உயர் அழுத்த யந்திரத்தை அது ஏற்றது: கனம் குறைவு, விலை குறைவு, கிராமத்துக் கொல்லனும் பழுது பார்க்கலாம், ஆவியைக் குளிர்விக்கச் சேற்று நீரை உள்ளே இழுக்க வேண்டியதுமில்லை. யந்திரமும் கொதிகலன்களும் படகின் வயிற்றிலிருந்து மேல்தளத்துக்கு ஏறின. அடிப்பாகம் தட்டையாகவும் நீளமாகவும் ஆழமற்றதாகவும் ஆயிற்று. அவ்வளவு நீளமும் அவ்வளவு மெலிவும் உள்ள மரக்கூடு, கனம் தாங்காமல் முன்னும் பின்னும் தொங்கி முதுகு வளைந்துவிடும். அதைத் தடுக்க, அணியத்திலிருந்து பின்முனை வரையில் நடுவே நட்ட கம்பங்களின் மீதாக இரும்புக் கம்பிகளை இழுத்துக் கட்டி, திருகுகளால் வேண்டியபோது முறுக்கி இறுக்கிக் கொண்டார்கள். மூன்றடித் தண்ணீர் இருந்தால் சரக்கோடு போவார்கள். அதிலும் குறைந்த நீரில் போகும் படகுகளும் பின்னர் உண்டாயின. இரவில் கனத்த பனி பெய்தால் போதும், அந்த ஈரத்தின்மேல் ஓட்டிவிடுவேன் என்று மாலுமிகள் பெருமையடித்துக் கொண்டதும் அக்காலத்ததே.

இந்தச் சுலபத்துக்கு விலையும் கொடுத்தார்கள். ‘வாஷிங்டன்’ படகே முதல் பிரயாணத்தில், 1816 ஜூனில், மாரியெட்டா அருகே கொதிகலன் வெடித்துப் பலரைக் கொன்றது. அந்தக் காலத்துப் படகுகளில் கொதிகலனுக்கு நீர் ஊட்டும் குழாயைப் பெரிய யந்திரமே இயக்கியதால், துறையில் படகு நிற்கும் நேரமெல்லாம் நீர் ஊட்டுவதும் நின்றுவிடும்; உள்ளே நீர் வற்ற, மூடாத தகடு பழுக்கக் காயும்; படகு மறுபடி கிளம்பி நீர் பாய்ந்தவுடன் வெடிக்கும். 1838 ஏப்ரலில் சின்ஸினாட்டியில் ‘மொஸெல்’ என்ற படகு துறையை விட்டு நகர்ந்த மாத்திரத்தில் வெடித்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மாய்த்தது. யந்திரம் நின்றாலும் தனியே ஓடி நீர் ஊட்டும் ஒரு சிறு பம்பைப் பிறகு இணைத்தார்கள். ஓடக்காரர்கள் அதை ‘டாக்டர்’ என்று அழைத்ததில் வேடிக்கையும் உண்டு, நன்றியும் உண்டு. கொதிகலன்களைச் சோதிக்கவும், யந்திரம் ஓட்டுபவருக்கு லைசென்ஸ் வழங்கவும் உண்மையான அதிகாரம் உள்ள சட்டம் 1852-இல்தான் வந்தது.

யந்திரத்தின் ஆபத்தைச் சட்டத்தால் கட்டலாம். நதியின் அடியில் நிற்கும் மரங்களுக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுவது? 1824-இல் அமெரிக்கக் காங்கிரஸ் மிஸிஸிப்பியிலும் ஓஹையோவிலும் மரங்களையும் திட்டுகளையும் அகற்ற 75,000 டாலர் ஒதுக்கிற்று. முதலில் குத்தகை எடுத்தவரின் முயற்சி உருப்படவில்லை. 1826-இன் இறுதியில் அந்தப் பொறுப்பு ஷ்ரீவின் கைக்கு வந்தது. அவர் 1829-இல் கட்டிய ‘ஹீலியோபொலிஸ்’ என்ற படகைத்தான், என் அபிப்பிராயத்தில், உள்நாட்டு நீர்வழிகளின் சரித்திரத்தில் ஃபுல்ட்டனின் படகுக்கு அருகே வைக்க வேண்டும்.

இரண்டு படகுகளைப் பக்கம் பக்கமாக, இடையில் சந்து விட்டு, குறுக்கு உத்தரங்களால் பிணைத்தது போன்ற உருவம் அது. முன்புறத்தில், இரண்டையும் சேர்த்தபடி, இரும்புத் தகடு போர்த்திய பருத்த உத்தரம் ஒன்று நீர்மட்டத்தை ஒட்டி அமைந்திருக்கும். நீருக்குள் நிற்கும் மரத்தைக் கண்டதும், படகைப் பின்னுக்கு வாங்கி, ஆவியை முழு அழுத்தத்துக்கு ஏற்றி, வேகமாக வந்து அந்த உத்தரத்தால் மரத்தின் மேல் மோதுவார்கள். நதிப்பயணத்தில் எந்த மரத்தைக் கண்டால் மற்ற மாலுமிகள் கைநடுங்கிச் சுக்கானைத் திருப்புவார்களோ, அதே மரத்தைத் தேடிப் போய் முட்டுவது இந்தப் படகின் தொழில். மோதிய அதிர்ச்சியில் மரம் முறியும். அல்லது வேர் தளர்ந்து தரையிலிருந்து பெயரும். பெயர்ந்ததைச் சங்கிலியால் பிணித்து, நீராவியால் சுழலும் உருளைகளில் சுற்றி, இரண்டு படகுகளின் இடைச்சந்துக்குள் மேலே இழுத்து, அங்கேயே ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, மிதக்கும் துண்டங்களை ஓட்டத்தில் விட்டுவிடுவார்கள். வேர்க்கட்டையை மட்டும் ஆழமான மடுவில் கொண்டுபோய் அமிழ்த்துவார்கள். 1829 ஆகஸ்டில் பிளம் பாயின்ட் என்ற இடத்தில், மாலுமிகள் மிகவும் அஞ்சிய ஒரு மரக்கூட்டத்தில், இந்த வித்தையை அவர் செய்துகாட்டினார். சர்க்காரின் பல்பிடுங்கி என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். 1838-இல் ஷ்ரீவ் அதற்கு 913-ஆம் எண் பேட்டன்ட்டும் பெற்றார்.

சிவப்பு நதியில் அவருக்குக் கிடைத்த சோதனை இதைவிடப் பெரிது. அங்கே தலைமுறை தலைமுறையாக அடித்துவந்த மரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடைந்து, மேலே மண் படிந்து, செடி முளைத்து, சுமார் 150 மைல் நீளத்துக்கு நதியை மூடிக் கிடந்தன. சில இடங்களில் கீழே ஆறு ஓடுவது தெரியாமலே மனிதர் நடந்து கடந்தார்கள். 1833 ஏப்ரலில் நான்கு படகுகளோடும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆட்களோடும் தொடங்கி, முதல் பருவத்திலேயே எழுபது மைலுக்கு வழி திறந்த ஷ்ரீவ், 1838-இல் முழு வேலையையும் முடித்தார். அவருடைய பெயரைத் தாங்கிய ஷ்ரீவ்போர்ட் நகரம் அந்தக் கரையில் எழுந்தது. கூடவே இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று: நதி திறந்ததும் பருத்திப் பண்ணைகளும் அவற்றில் உழைக்கும் அடிமைகளும் வந்தார்கள், தொன்றுதொட்டு அந்த மண்ணில் வாழ்ந்த காடோ ஜனங்கள் 1835-இல் தங்கள் நிலத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வெளியேற நேர்ந்தது.

மரங்களும் சும்மா இருக்கவில்லை. மேலிருந்து மீண்டும் வந்து அடைந்துகொண்டே இருந்தன. 1873-இல் லெஃப்டினன்ட் யூஜின் உட்ரஃப் என்ற ராணுவப் பொறியாளர் நைட்ரோகிளிசரினால் தகர்த்துத் திறக்கும் வரையில் அந்தத் தடை முடிவுற்றதாகச் சொல்ல முடியாது. அவரும் வேலை முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஷ்ரீவ்போர்ட்டில் மஞ்சள் காய்ச்சலுக்கு இரையானார். தடை நீங்கியபின் பக்கத்து ஏரிகளில் நீர்மட்டம் இறங்கிப்போக, அதுவரை படகுத்துறையாகச் செழித்திருந்த டெக்ஸாஸின் ஜெஃபர்ஸன் நகரம் வியாபாரமின்றி ஒடுங்கிற்று. அன்றியும், நீராவிப் படகுகள் எரித்தது விறகு. கரையோரக் காடுகளைத் தினந்தோறும் வெட்டித்தான் அந்த அடுப்புகளுக்குத் தீனி போட்டார்கள். வேர்ப்பிடிப்பு இழந்த கரை சரிந்தது. சரிந்த கரையிலிருந்து மறுபடி மரங்கள் விழுந்தன.

மரம் போனாலும் மணல் இருக்கிறது. மிஸௌரிப் படகுகளின் அணியத்தில் இரண்டு நீண்ட கம்பங்கள் நட்டிருப்பார்கள். திட்டில் படகு தட்டினால், அவற்றைச் சாய்வாக மணலில் ஊன்றி, கப்பிகளில் ஓடும் வடத்தை நீராவி உருளையில் சுற்றி இறுக்குவார்கள். அணியம் சற்றே உயரும். அதே சமயத்தில் பின்சக்கரம் சுழன்று படகை ஓரிரு அடி முன்னே தள்ளும். கம்பங்களைப் பிடுங்கி மறுபடி முன்னே ஊன்றுவார்கள். வெட்டுக்கிளியின் கால்களை நினைவூட்டிய இந்த நடையில் ஒரு திட்டைக் கடக்க ஒரு நாள் போவதும் உண்டு.

தரைதட்டிய படகின் சங்கடத்தை நேரில் அறிந்த ஒருவர் பின்னர் அமெரிக்காவின் ஜனாதிபதியானார். 1831-இல் ஆபிரகாம் லிங்கனும் கூட்டாளிகளும் பன்றியும் சோளமும் ஏற்றி நியூ ஆர்லியன்ஸுக்குக் கிளம்பிய தட்டைப் படகு, ஸங்கமன் ஆற்றில், நியூ ஸேலம் ஆலையின் அணைமேல் ஏறி, அணியம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்க, பின்புறத்தில் நீர் நிறைய, அப்படியே மாட்டிக்கொண்டது. சரக்கில் ஒரு பாகத்தை வேறு படகுக்கு மாற்றி, மீதியை முன்னே உருட்டி, ஊரில் ஒரு துரப்பணத்தை இரவல் வாங்கி, அந்தரத்தில் நின்ற அணியத்தின் அடியில் லிங்கன் துளையிட்டார். உள்ளே நின்ற நீர் முன்னே ஓடிவந்து துளைவழியே கொட்டிப்போயிற்று. துளையை அடைத்துப் படகை அணைக்கு மேலாக வழுக்கி இறக்கினார்கள். 1848-இல், காங்கிரஸ் அங்கத்தினராயிருந்த அவர் ஏரிகளின் வழியே ஊர் திரும்புகையில், தட்டிய கப்பலொன்றின் பக்கங்களுக்கடியில் காலிப் பீப்பாய்களையும் பலகைகளையும் திணித்து அதை மிதக்கவிட்டதைப் பார்த்ததாக அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதியிருக்கிறார்.

அதன் விளைவாக, 1849 மே 22-ஆம் தேதி, 6469-ஆம் எண் பேட்டன்ட் லிங்கனுக்கு வழங்கப்பட்டது. இன்றளவும் அமெரிக்க ஜனாதிபதிகளில் பேட்டன்ட் பெற்றவர் அவர் ஒருவரே. நீர்புகாத துணியாலான காற்றறைகளைப் படகின் இருபுறமும் மடித்து வைத்திருந்து, திட்டு வந்தபோது கம்பங்களாலும் கயிறுகளாலும் கீழே இறக்கி விரித்தால், அவை காற்று நிறைந்து படகைத் தூக்கும் என்பது யோசனை. அவர் ஒப்படைத்த மர மாதிரி இப்போது ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனத்தில் இருக்கிறது. எந்தப் படகிலும் அந்த யந்திரத்தைப் பொருத்திப் பார்க்கவில்லை. பொருத்தியிருந்தால், அத்தனை கம்பமும் அறையும் கயிறும் தம் பாரத்தாலேயே படகை அமிழ்த்தி, திட்டை இன்னும் சீக்கிரம் சந்திக்க வைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். இதே லிங்கன், 1856-இல் ‘எஃபி ஆஃப்டன்’ என்ற நீராவிப் படகு ராக் ஐலண்டின் ரயில் பாலத்தில் மோதி எரிந்துபோனபோது, மறுவருஷம் நடந்த வழக்கில் பாலக் கம்பெனியின் பக்கம் நின்று வாதாடினார். நீரோட்டத்தின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து காட்டி, பிழை மாலுமியுடையது என்றார். ஜூரிகள் ஒருமனப்படவில்லை, பாலம் நின்றது.

மிஸிஸிப்பி நதியின் அடியை யாரைக் காட்டிலும் நெருக்கமாக அறிந்தவர் ஜேம்ஸ் ஈட்ஸ். இளம் வயதில் படகுக் குமாஸ்தாவாக இருந்த அவர், 1842-இல், முழுகிய சரக்குகளை எடுக்கும் தொழிலில் இறங்கினார். முதல் வேலையிலேயே, கூலிக்கு அமர்த்திய முக்குளிப்பவன் நீரோட்டத்தில் நிற்க முடியாமல் திணற, ஒரு சாராயப் பீப்பாயை வாங்கி, ஒரு புறத்தைத் திறந்து, ஈயக்கட்டிகளைக் கட்டிக் கனமாக்கி, உள்ளே உட்கார இடம் அமைத்து, மேலிருந்து காற்று இறைக்கச் செய்து, தாமே கீழே இறங்கினார். அதன்பின் பல வருஷம், இருட்டில், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத சேற்று நீரில், காலால் தடவியபடி நதித்தரையில் நடந்த அவர், தரை என்று எல்லாரும் நினைத்தது பல அடி ஆழத்துக்கு நகர்ந்துகொண்டேயிருக்கும் மணல் என்று கண்டுகொண்டார். செயின்ட் லூயிஸ் பாலத்துக்கு, எவர் தடுத்தும் கேளாமல், பாறை வரையில் அஸ்திவாரத்தை இறக்கி 1874-இல் அவர் முடித்ததும், 1879-இல் நதிமுகத்தில் கோரைபோல் முடைந்த மரக்கொம்புப் பாய்களால் இணைக்கரைகள் கட்டி, ஒடுங்கிய நீரின் வேகமே மணலை அரித்து 30 அடி ஆழம் தோண்டும்படி செய்ததும் அந்த அறிவின் பலன். ஆழம் உண்டான அளவுக்கே பணம் என்பது சர்க்கார் அவருக்கு விதித்த நிபந்தனை. அதை அவரே கேட்டுப் பெற்றார் என்பது கவனிக்கத்தக்கது.

ஆயினும் நதிமுகத்திலிருந்து வெகு தொலைவில், ஓஹையோவின் மேற்புறத்தில், பிட்ஸ்பர்க்கின் நிலக்கரிக்காரர்கள் கோடையில் படகுகளை நிரப்பிவிட்டு, நீர் உயருவதற்காக வானத்தைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். படகை நீருக்கேற்பச் செதுக்கியது போதும், நீரைப் படகுக்கேற்பத் தேக்குவோம் என்ற யோசனைக்கு வடிவம் தந்தவர் பிரான்ஸின் ஷனுவான் என்ற பொறியாளர். முட்டுக்கொடுத்து நிமிர்த்தவும், முட்டை எடுத்ததும் ஆற்றுத் தரையில் படுத்துவிடவும் கூடிய மரப்பலகைகளை வரிசையாக நிறுத்திய அணை அவருடையது. பிட்ஸ்பர்க்குக்குக் கீழே டேவிஸ் தீவில், படகுகளை ஏற்றியிறக்க 600 அடி நீளமும் 110 அடி அகலமும் உள்ள பூட்டுவாய்க்காலோடு அத்தகைய அணையொன்று 1885-இல் திறக்கப்பட்டது. கரிப்படகுகளைக் கொத்தாகக் கட்டித் தள்ளிச் செல்லும் தங்கள் வழக்கம் கெடும் என்று முதலில் எதிர்த்தவர்கள் அந்த நிலக்கரிக்காரர்களே. நீர் பெருகும்போது பலகைகளெல்லாம் படுத்துவிட, அணைக்கு மேலாகவே தங்கள் படகுக்கூட்டம் தடையின்றிச் செல்வதைக் கண்டபின் அந்த எதிர்ப்பு அடங்கிற்று. அடுத்தடுத்து அணைகள் எழுந்து, 1929-இல், பிட்ஸ்பர்க்கிலிருந்து மிஸிஸிப்பி சங்கமம் வரையில் ஓஹையோ முழுவதிலும் ஒன்பதடி நீர் வருஷம் முழுவதும் நிலைத்தது.